காணாது ஈத்த பொருள்

கேள்வி இதுதான்: கொடுப்பது, பிள்ளை வளர்ப்பது, சொல்லிக் கொடுப்பது, இந்த மூன்றையும் பற்றி நம் பழைய கவிதைகள் சொல்வதில் இன்றைக்கு வாழ்கிறவர் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? பள்ளிச் சுவரில் எழுதிவைக்கும் வரிகள் வேண்டாம், அவை ஏற்கெனவே தெரியும் என்றும், பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்லலாம் என்றும் கேட்டவர் சேர்த்திருந்தார்.

இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்கு வரவில்லை. பல வருடமாக இந்தப் பாடல்களைத் திரும்பத் திரும்பப் படித்ததில் மூன்றும் ஒரே சங்கதியாகத்தான் எனக்குப் படுகின்றன. வாங்குகிறவன் முகத்தைப் பார்த்தாயா என்று இந்தக் கவிஞர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எவ்வளவு கொடுத்தாய் என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு கோபத்திலிருந்து தொடங்குகிறேன். பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குன்றும் மலையும் பின்னால் போக நடந்து, அதியமான் நெடுமான் அஞ்சியின் வாசலுக்கு வருகிறார். பரிசில் வாங்கத்தான் வந்திருக்கிறார், அதை மறைக்கவில்லை. அதியமானுக்கு அன்று என்ன வேலையோ, வெளியே வந்து பார்க்காமலே, ‘இதை வாங்கிக்கொண்டு போகட்டும்’ என்று பொருளைக் கொடுத்தனுப்பிவிடுகிறான். பொருள் குறைவு என்று பாட்டில் எங்கும் இல்லை. ஆனாலும் புலவர் வாங்கவில்லை. ‘என்னை யாங்கு அறிந்தனனோ?’ என்று கேட்கிறார். என்னைப் பார்க்காதவனுக்கு நான் யார் என்று எப்படித் தெரிந்தது?

‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர்
வாணிகப் பரிசிலன் அல்லேன்’

பார்க்காமல் கொடுத்த பொருளை வாங்கிப் போக நான் என்ன வியாபாரியா? தினை அளவு கொடுத்தாலும் போதும், ஆனால் ‘துணை அளவு அறிந்து’ கொடு, எதிரே நிற்பவன் எப்பேர்ப்பட்டவன் என்று தெரிந்து கொடு என்கிறார். புறநானூற்றில் 208ஆவது பாட்டு.

இதில் கவனிக்க வேண்டியது, அதியமான் கஞ்சன் இல்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒருநாள் இருநாள் அல்ல, பலநாள் பலரோடு போனாலும், ‘தலைநாள் போன்ற விருப்பினன்’ என்று ஔவையார் பாடியது இதே மனிதனைத்தான். முதல்நாள் பார்த்த அதே பிரியத்தோடு தினமும் பார்ப்பானாம். அப்படிப்பட்டவனுக்கும் ஒருநாள் எழுந்து வெளியே வரத் தோன்றவில்லை. வள்ளல் என்று பெயர் வாங்கிவிட்டால் அத்தோடு முடிந்தது என்று ஆகாது போலிருக்கிறது. வாசலில் ஆள் வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து வர வேண்டியிருக்கிறது.

சரி, இன்றைக்கு வருவோம். ஃபோனை எடுத்து இரண்டு தட்டு தட்டினால் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நல்லதுதான். பசித்தவனுக்குப் பணம் முதலில் போகட்டும், முகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வள்ளுவரும் ‘அற்றார் அழிபசி தீர்த்தல்’ என்று அவசரத்தை அவசரமாகவே சொல்கிறார். ஆனால் நம்மில் பலர் பணம் அனுப்புவதே பார்க்காமல் இருப்பதற்காகத்தான். மருத்துவமனையில் கிடக்கும் சித்தப்பாவுக்குத் தொகையை அனுப்பிவிட்டால் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இதை நான் செய்திருக்கிறேன். அவர் வீடு திரும்பிய பிறகு பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நீ வருவேன்னு பார்த்தேன்’ என்றார். அன்றிரவு எனக்கு 208 ஞாபகம் வந்தது. அதுவரை அந்தப் பாட்டைப் புலவர்களின் தன்மானத்துக்கு உதாரணமாகத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஈகை அதிகாரத்தின் முதல் குறளில் ஒரு சொல் இருக்கிறது. ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகை மற்றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து’. குறியெதிர்ப்பை என்றால், அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது. பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி வாங்கி, அடுத்த வாரம் அதே ஆழாக்கால் அளந்து கொடுப்பது. இல்லாதவனுக்குக் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே இந்தக் கணக்குதான் என்கிறார் வள்ளுவர். நம் மொய் நோட்டு இதற்கு நல்ல விளக்கவுரை. அதில் பேர், ஊர், தொகை எல்லாம் இருக்கும். அவர் வீட்டு விசேஷம் வரும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். மொய் தப்பு என்று நான் சொல்லவில்லை. அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் நல்ல ஏற்பாடு. அதற்கு ஈகை என்று பெயர் வைக்காதே என்பது மட்டும்தான் குறள்.

இந்தக் கணக்கை மேலுலகம் வரை நீட்டுகிறவர்களும் உண்டு. ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தார்: ‘அறவிலை வணிகன்’. இங்கே செய்தால் அங்கே கிடைக்கும் என்று தர்மத்தை விலைபோட்டு வாங்குகிற வியாபாரி. ஆய் அப்படிப்பட்டவன் இல்லை, சான்றோர் நடந்த வழி என்பதற்காகக் கொடுத்தான், அவ்வளவுதான் என்கிறது அந்த நாலு வரிப் பாட்டு (புறம் 134). ‘கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பி வரும்’ என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முடமோசியார் நினைவுக்கு வருவார்.

இன்னொரு குறளில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல் குலனுடையான் கண்ணே யுள.’ ‘இல்லை’ என்ற துன்பச் சொல்லைச் சொல்லாமல் கொடுப்பது. யார் சொல்லாமல்? குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தன் பொருளைச் சொல்லிவிட்டு, வேறு மூன்று விதமாகவும் சொல்வார்கள் என்று வரிசையாக எடுத்துவைக்கிறார். ‘எனக்கு இல்லை’ என்று தான் பிறரிடம் போய்ச் சொல்லாமலும், தன்னிடம் வந்து அப்படிச் சொன்னவருக்கு மறுக்காமல் கொடுத்தும் வாழ்வது என்பது அவர் பொருள். வந்தவன் வாயைத் திறக்கும் முன்பே குறிப்பறிந்து கொடுப்பது என்பது இன்னொன்று. இங்கே வாங்கிய பிறகு வேறொரு வாசலில் போய் ‘இல்லை’ என்று சொல்லத் தேவைப்படாத அளவுக்குக் கொடுப்பது மற்றொன்று. ‘இப்போது என் கையில் இல்லையே’ என்று கொடுப்பவன் சாக்குச் சொல்லாமல் கொடுப்பது கடைசி. ஒன்றே முக்கால் அடிக்குள் நாலு விதமான மனிதர்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. கேட்கும் முன் கொடுக்க வேண்டுமென்றால் பார்த்திருக்க வேண்டும். வாசலில் அவன் எப்படி நிற்கிறான், செருப்பு என்ன நிலையில் இருக்கிறது, பேச வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ ஏன் பேசிக்கொண்டிருக்கிறான் என்பதையெல்லாம்.

பெருஞ்சித்திரனாருக்கே திரும்புகிறேன், அவர் வீட்டை இன்னும் பார்க்கவில்லையே. முதிர மலைத் தலைவன் குமணனிடம் போனபோது பாடிய பாட்டில் (புறம் 160) தன் குழந்தையைக் காட்டுகிறார். வீட்டில் சாப்பாடு இல்லாததால் வீட்டையே மறந்து வெளியில் திரிகிற சின்னப் பையன். பாலில்லாத முலையைச் சுவைத்துப் பார்க்கிறான். கூழோ சோறோ கிடைக்குமா என்று வெறும் பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று பயமுறுத்துகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். எதற்கும் அழுகை அடங்கவில்லை. கடைசியில் நொந்துபோய், ‘உன் அப்பாவை நினைத்துக் கோபித்துக்கொள்ளும் முகத்தை எங்கே, காட்டு பார்ப்போம்’ என்கிறாள்.

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். கொடுக்க ஒன்றுமே இல்லாத தாய் அவள். மிச்சம் இருப்பது குழந்தையின் கோபம் ஒன்றுதான், அதையே விளையாட்டாக்கப் பார்க்கிறாள்.

குமணன் கொடுத்தான். பெருஞ்சித்திரனார் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வது இன்னொரு பாட்டு (புறம் 163). ‘உன்மேல் பிரியமாக இருப்பவர்களுக்கும், நீ பிரியம் வைத்திருப்பவர்களுக்கும், உன் சொந்தக்கார மூத்தவர்களுக்கும், நம் குடும்பப் பசி தீர உனக்கு நெடுநாள் கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கும்…’ இந்தக் கடைசி இடத்தில் அவர் போடும் சொல் ‘நெடுங்குறி எதிர்ப்பை’. வள்ளுவர் தள்ளிவைத்த அதே குறியெதிர்ப்பை! அந்த அம்மாள் இத்தனை நாள் குடும்பத்தை ஓட்டியதே ஆழாக்கு அளந்து வாங்கித்தான். அதனால் கைமாற்றைக் கேவலமாகப் பேச இந்தக் கவிஞரால் முடியாது. கடன் கொடுத்தவர்களையும் பெற வேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார். வள்ளுவரை மட்டும் படித்தால் குறியெதிர்ப்பை ஒரு மட்டமான காரியம் போலத் தோன்றும். பெருஞ்சித்திரனாரையும் சேர்த்துப் படித்தால், ஏழைகள் ஒருவரையொருவர் உயிரோடு வைத்திருக்கும் வழி அது என்று புரியும். இரண்டும் வேண்டும்.

அப்புறம் சொல்கிறார்: இன்னாருக்கு என்று பார்க்காதே. ‘என்னொடும் சூழாது’, என்னிடம்கூடக் கேட்காதே. சிக்கனமாக வைத்து வாழ்வோம் என்றும் நினைக்காதே. ‘நீயும் எல்லோர்க்கும் கொடுமதி மனைகிழ வோயே!’

இந்த ‘நீயும்’ என்ற சொல்லில் உம் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். குமணன் கொடுத்தான், இனி நீயும் கொடு. நேற்றுவரை வாங்கி வாங்கிக் கூனிப் போயிருந்த கைக்கு இன்று கொடுக்கும் பாக்கியத்தைக் கொடுக்கிறார். மனைவிக்கு நகை வாங்கிப் போட்ட கணவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். கணவனைக் கேட்காமல் வாரிக் கொடுக்கும் அதிகாரத்தை மனைவிக்குக் கொடுத்தவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவர்தான்.

இனி பிள்ளைகள். இங்கே பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டை (புறம் 188) எல்லோரும் சொல்வார்கள். பலரோடு உண்ணும் பெருஞ்செல்வர் வீட்டுச் சாப்பாட்டுப் பந்தி. நடுவே ஒரு குழந்தை ‘குறுகுறு நடந்து, சிறுகை நீட்டி, இட்டும், தொட்டும், கவ்வியும், துழந்தும், நெய்யுடை அடிசில் மெய்பட விதிர்த்தும்’. சோற்றைத் தரையில் இடுகிறது, தொடுகிறது, வாயால் கவ்வுகிறது, துழாவுகிறது, கடைசியில் நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. ஐந்து வினைகள், ஒன்றில்கூட ‘உண்டது’ என்று இல்லை. ராஜாவும் அதைத் திருத்தவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘சிறுகை அளாவிய கூழ்’ என்று வள்ளுவர் சொன்னதும் இதே காட்சிதான், அங்கே நெய்ச்சோறு கூழாகிவிட்டது.

இந்தப் பாட்டைத் தனியாகப் படிக்கக் கூடாது என்பது என் கட்சி. 188ஐயும் 160ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரு வீட்டுக் குழந்தை நெய்ச்சோற்றை மேலே பூசிக்கொள்கிறது. இன்னொரு வீட்டுக் குழந்தை காலிப் பானையைத் திறந்து பார்க்கிறது. இரண்டுமே சின்னக் கை. முதல் குழந்தையைக் கொஞ்சத் தெரிந்தவனுக்கு இரண்டாவது குழந்தையும் கண்ணில் பட்டால், ஈகை என்று தனியாக ஒரு பாடம் தேவைப்படாது.

பிள்ளை வளர்ப்பில் பெரிய சிக்கல் குறியெதிர்ப்பைதான் என்று நினைக்கிறேன். ‘உனக்காக எவ்வளவு செய்தேன்’ என்ற வாக்கியம் வீட்டுக்கு வீடு ஓடுகிறது. ஆழாக்கால் அளந்து கொடுத்திருக்கிறோம், அதே ஆழாக்கால் திரும்பி வர வேண்டும். பொன்முடியார் பாடிய தாய் (312) ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்கிறாள். கடன் அவள் தலையில் இருக்கிறது, பிள்ளை தலையில் இல்லை. நாம் அதைத் தலைகீழாக்கி, பெற்ற கடனைப் பிள்ளை அடைக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டோம். அந்தப் பாட்டில் இன்னொன்றும் பிடிக்கும். சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு என்று ஒரு பிள்ளைக்கு எத்தனை பேர் பொறுப்பேற்கிறார்கள்! கொல்லன்கூட உண்டு. பாட்டு போர்க்களத்தில்தான் போய் முடிகிறது, யானையைக் கொன்று திரும்புவது பையனின் கடனாம். அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்வதில்லை. பழைய பாட்டு என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது?

அதே மாதிரிதான் பரிமேலழகர். மகனைச் சான்றோன் எனக் ‘கேட்ட’ தாய் என்று வள்ளுவர் சொன்னதற்கு, பெண்ணியல்பால் தானாக அறிய முடியாததால் கேட்டாள் என்று உரை எழுதிவைத்தார். நான்கு விதமாகப் பொருள் கண்ட அதே மனிதர்! ஊரார் வாயால் கேட்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது என்பது எந்தத் தாய்க்கும் தெரியும், உரையாசிரியருக்குத் தெரியவில்லை.

பிள்ளை நமக்குச் சொந்தமா என்ற கேள்விக்கு நேராக விடை சொல்லும் பாட்டு கலித்தொகையில் இருக்கிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது, ஒன்பதாவது பாட்டு. ஒரு பெண் தான் விரும்பியவனோடு போய்விடுகிறாள். வளர்த்த செவிலி வெயிலில் தேடிக்கொண்டு போகிறாள். எதிரே முக்கோலும் கரகமுமாகத் துறவிகள் வருகிறார்கள். என் மகள் ஒருத்தியும் வேறொருத்தி மகன் ஒருவனும் இந்த வழியாகப் போனார்களா என்று கேட்கிறாள். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தையில் தட்டிக்கழித்திருக்கலாம். அவர்கள் பார்த்தோம் என்கிறார்கள். பிறகு:

‘பலவுறு நறுஞ்சாந்தம் படுப்பவர்க் கல்லதை
மலையுளே பிறப்பினும் மலைக்கவைதாம் என்செய்யும்?’

சந்தனம் மலையில்தான் பிறக்கிறது, பூசிக்கொள்கிறவருக்குப் பயன்படும், மலைக்கு அதனால் என்ன? அடுத்து முத்து: கடலில் பிறந்தாலும் கடலுக்கு என்ன? அடுத்து இசை: யாழில் பிறந்தாலும் யாழுக்கு என்ன? ஒவ்வொன்றின் முடிவிலும் ‘நும்மகள் நுமக்கும் ஆங்கு அனையளே’ என்று திரும்ப வருகிறது. உங்கள் மகளும் உங்களுக்கு அப்படித்தான்.

மூன்று உவமைகளும் ஒன்றையே சொல்லவில்லை என்பது மெதுவாகத்தான் எனக்குப் பிடிபட்டது. சந்தனத்தை மலையிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். முத்தை மூழ்கி எடுக்க வேண்டும். இரண்டிலும் யாரோ வந்து எடுத்துப் போகிறார்கள். இசை அப்படியில்லை. அது யாழை விட்டு வெளியே வந்தால்தான் இசையே. உள்ளேயே வைத்திருந்தால் நரம்பும் மரமும்தான் மிச்சம். மகள் வெளியே போனதை முதலில் இழப்பாகக் காட்டி, மூன்றாவது அடியில் அப்படிப் போகாமல் அவள் அவளாகவே முடியாது என்ற இடத்துக்குச் செவிலியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் துறவிகள். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த படிப்பு, பிடித்த துணை என்று போகும்போது கையைப் பிசையும் பெற்றோருக்கு நான் இந்தப் பாட்டைத்தான் சொல்வது. உடனே யாரும் ஒத்துக்கொண்டதில்லை. செவிலியும் ஒத்துக்கொண்டாளா என்று பாட்டில் இல்லை.

காவற்பெண்டு என்ற பெண் கவிஞரின் பாட்டையும் (புறம் 86) இங்கே சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு ‘உன் மகன் எங்கே?’ என்று கேட்கிறாள். ‘எங்கே இருக்கிறானோ, எனக்குத் தெரியாது. புலி தங்கிவிட்டுப் போன கல்குகை மாதிரி, அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது’ என்கிறாள் தாய். அவன் போர்க்களத்தில் தென்படுவான் என்ற முடிவை விட்டுவிடலாம். குகைக்குப் புலி சொந்தமில்லை, ஆனாலும் அங்கே புலி இருந்தது என்று சொல்லிக்கொள்ளும் பெருமை குகைக்கு உண்டு. அந்த அளவு பெருமை பெற்றோருக்குப் போதாதா?

கற்பித்தலுக்கு வருகிறேன். நான் மிகவும் வியந்த இடம் ஒரு இலக்கண நூலில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், அதாவது முன்னுரையில், பாடம் சொல்லும் முறையைப் பற்றி ஒரு சூத்திரம். அது ‘ஈதல் இயல்பே இயம்புங் காலை’ என்று தொடங்குகிறது. ஈதல்! பாடம் சொல்வதற்கு அவர் வைத்திருக்கும் பெயரே ஈகைக்கு உள்ள பெயர்தான். காலமும் இடமும் பார்த்து, சொல்ல வேண்டியதை மனதில் அமைத்துக்கொண்டு,

‘விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து
கொள்வோன் கொள்வகை அறிந்துஅவன் உளங்கொளக்
கோட்டமில் மனத்தினூல் கொடுத்தல்’

அவசரப்படாதே, கோபப்படாதே, முகம் மலர்ந்திரு, வாங்குகிறவன் எப்படி வாங்குவான் என்று தெரிந்துகொண்டு கொடு. பெருஞ்சித்திரனார் அதியமானிடம் கேட்ட ‘துணை அளவு அறிந்து’ என்பதும் பவணந்தியாரின் ‘கொள்வகை அறிந்து’ என்பதும் எனக்கு ஒரே குரலாகக் கேட்கின்றன. ஒருவர் வாசலில் நின்று கேட்டதை, பல நூற்றாண்டு கழித்து இன்னொருவர் ஆசிரியருக்கு விதியாக எழுதிவிட்டார்.

விரையான், வெகுளான். சொல்ல எளிது. ராத்திரி எட்டரை மணிக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா? முதல் தடவை ‘ஏழெட்டு எவ்வளவு கண்ணு?’ இரண்டாம் தடவை ‘இப்பதானே சொன்னேன்.’ மூன்றாம் தடவை குரல் தானாக ஏறிவிடும். அப்போது குழந்தை நோட்டைப் பார்க்காது, நம் முகத்தைப் பார்க்கும். ஐம்பத்தாறு என்ற விடையை அது நம் புருவத்தில் தேடும். நானும் கத்தியிருக்கிறேன். கணக்கு வராத குழந்தைக்கு அன்றிலிருந்து கணக்கோடு பயமும் சேர்ந்தது, அவ்வளவுதான் நான் கொடுத்தது.

ஏன் இந்தப் பயம் என்பதற்கு வள்ளுவரிடம் விடை இருக்கிறது. ‘உடையார்முன் இல்லார்போல் ஏக்கற்றும் கற்றார்’ என்கிறார். கற்கிறவன் பணக்காரன் முன் நிற்கும் ஏழை மாதிரி நிற்கிறான். இது மாணவனுக்குச் சொன்ன பணிவுப் பாடம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆசிரியர் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. உன் முன்னால் நிற்பவன் இரந்து நிற்கிறான், கூச்சத்தில் இருக்கிறான், நீ முகத்தைச் சுளித்தால் போதும், திரும்பிப் போய்விடுவான். ‘இன்னாது இரக்கப் படுதல் இரந்தவர் இன்முகங் காணும் அளவு’ என்ற குறளை வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். மாணவன் முகம் தெளியும்வரை ஆசிரியருக்கு இருப்புக் கொள்ளக் கூடாது.

யாரெல்லாம் ஆசிரியராக முடியாது என்பதற்குப் பவணந்தியார் நாலு உவமை தருகிறார். கழற்குடம்: கழற்சிக்காய் போட்ட குடம், போட்ட வரிசையில் வராது, கவிழ்த்தால் எல்லாம் ஒரேயடியாக உருண்டு விழும். மடற்பனை: கருக்கு மட்டையோடு நிற்கும் பனை, ஏறிப் பறிக்க விடாது, தானாகப் பழம் போட்டால்தான் உண்டு. பருத்திக் குண்டிகை: பஞ்சு அடைத்த குடுவை, உள்ளே திணிப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். முடத்தெங்கு: வளைந்த தென்னை, தண்ணீர் ஊற்றுபவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் தோட்டத்தில். இந்த நாலு பேரிடமும் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். என் பள்ளிக்கூடத்தில் ஒரு கழற்குடம் இருந்தார். அபாரமான அறிவு. ஒரு மணி நேரம் உருண்டுகொண்டே இருக்கும், ஒன்றும் கையில் நிற்காது.

நாலாவது உவமையில் மட்டும் பவணந்தியாரோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. பல வகையில் உதவி வழிபட்டவனை விட்டுவிட்டு மற்றவர்க்குக் கொடுப்பது தப்பு என்கிறார். தன் வகுப்பைக் காயவிட்டு வெளியூர் மேடைகளில் பொழிகிற பேராசிரியர்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு தடவை இதை வகுப்பில் சொன்னபோது, பின் வரிசையில் இருந்து ஒரு மாணவி கேட்டாள்: ‘ஐயா, எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறீங்க. நாங்க நாளைக்கு வேற எங்கேயோ போயிடுவோம். அப்ப உங்க காயும் அடுத்த தோட்டத்துலதானே விழுது?’ எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அவள் கட்சிதான் நான்.

கொடுப்பவனுக்கும் வயிறு இருக்கிறது என்பதை இந்தக் கவிதைகள் மறக்கவில்லை. ‘உற்றுழி உதவியும், உறுபொருள் கொடுத்தும், பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே’ என்று பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடினான் (புறம் 183). ஆசிரியருக்குக் கஷ்டம் வந்தால் உதவு, வேண்டிய பொருளைக் கொடு, பின்னால் நிற்க வெட்கப்படாதே. சொல்வது ராஜா! அதே பாட்டில் ‘தாயும் மனம் திரியும்’ என்று ஒரு வரி வருகிறது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களிலும் படித்த பிள்ளை பக்கம் தாயின் மனமும் சாயுமாம். கேட்கக் கசப்பாக இருக்கிறது, ஆனால் படிக்காத தம்பியாக வளர்ந்தவர்களுக்கு அது பொய்யில்லை என்று தெரியும். படி என்று சொல்ல ராஜா இதை ஆயுதமாக்குகிறான். பெற்றோராக இருப்பவர்கள் இதைத் தங்களுக்கான எச்சரிக்கையாகவும் படிக்கலாம்.

இன்னொரு பாட்டு. நற்றிணையில் 110, போதனார் பாடியது. ஒரு பெண் குழந்தை. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு, இன்னொரு கையில் பூச்சுற்றிய சின்னக் கோலை ஓங்கி ‘குடி’ என்று செவிலியர் மிரட்டுகிறார்கள். அவள் சிலம்பு ஒலிக்கத் தத்திப் பந்தலைச் சுற்றி ஓடுகிறாள். நரை விழுந்த செவிலியர் ஓட முடியாமல் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பெண் வளர்ந்து கல்யாணமாகிப் போன வீட்டில் வறுமை. அப்பா வீட்டுக் கொழுத்த சோற்றை அவள் நினைப்பதே இல்லை, ஒரு வேளை விட்டு ஒரு வேளை சாப்பிட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள். தாய்க்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ‘அறிவும் ஒழுக்கமும் யாண்டு உணர்ந்தனள்கொல்?’ இதையெல்லாம் இவள் எங்கே கற்றுக்கொண்டாள்?

நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம் என்று அந்தத் தாய் சொல்லவில்லை பாருங்கள். மகள் பட்டினி கிடக்க வேண்டிய அவசியம் என்ன என்று இன்றைய வாசகருக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். ஆனால் வளர்த்தவளே வியந்து நின்று கேட்கிற அந்தக் கேள்வியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். 188. அர்த்தம் சொல்லாதீர்கள். சாப்பிடும் நேரத்தில், சோறு தரையெல்லாம் சிந்திக் கிடக்கும்போது, ‘இட்டும், தொட்டும், கவ்வியும், துழந்தும்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் அதுவே திருப்பிச் சொல்லும். 160ஐச் சொல்ல இன்னும் சில வருடம் போகட்டும்.